எட்டு மில்லிமீட்டர்

ரூனாரின் படகுக் கொட்டகை
இப்போது புல்வெளியில் நிற்கிறது.
கதவைத் திறந்தால் துடுப்புகள், தார் வாடை,
வாசலில் மேயும் இரண்டு ஆடுகள்.
நூற்றுப் பத்து அடி தள்ளிக்
கடல்
ஒன்றும் நடக்காதது போல் கிடக்கிறது.

நான் நில அளவையாள்.
முக்காலியும் சிவப்புக் குச்சிகளுமாக
வாசாவிலிருந்து பாலம் கடந்து வந்திருக்கிறேன்.
கடல் வற்றவில்லை. ஓதமும் இல்லை இங்கே.
தரைதான் எழுகிறது,
ஆண்டுக்கு எட்டு மில்லிமீட்டர்.
மூன்று கிலோமீட்டர் உயரப் பனி
இதன் மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது.
இறங்கிப்போய்ப் பத்தாயிரம் ஆண்டாகிறது;
பாறை இன்னும்
மூச்சை முழுதாக இழுத்து முடிக்கவில்லை.

போத்னியா வளைகுடாவின் இடுப்பு இது.
அக்கரை சுவீடன், கண்ணுக்கு எட்டாது.
நடுவே தீவுகள், தீவுக் குஞ்சுகள்,
உழுது பாதியில் விட்ட வயல் போல
நீருக்கு மேலும் கீழும் கல்வரிகள்.

ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன்.
உப்புப் போட மறந்த கஞ்சி.
குமிழ்ப்பாசி இதற்கு வடக்கே வர மறுக்கிறது.
சிப்பி நகத்தளவோடு நின்றுவிடுகிறது.
ஆற்று மீனும் கடல் மீனும் ஒரே வலையில்,
நீ எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளாமல்.

"இந்தப் புல் யாருடையது?" என்றார் ரூனார்.
கடல் விட்டுப்போனதெல்லாம் ஊர்ப் பொது,
பழைய பங்காளிகளின் கூட்டுச் சொத்து என்றேன்.
"என் வாசலை நானே காசு கொடுத்து வாங்கவா?"
ஆமாம்.
சிரித்தார்.
கோபம் வந்தால்தான் சிரிப்பார் என்று
காபி ஊற்றும்போது டாக்னி சொன்னாள்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு குடா.
வாய் குறுகிக் குறுகிப்
போன கோடையில் மூடிக்கொண்டதாம்.
உள்ளே பைக் மீன்கள்
இன்னும் கடலில்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டு.
வரைபடத்தில் இதைக்
கடலின் நீலத்திலிருந்து எடுத்து
ஏரியின் நீலத்தில் போட வேண்டும்.
என் பேனாவில் இருப்பதோ ஒரே நீலம்.

சனவரியில் எல்லாம் உறையும்.
குச்சிகள் பனிக்குள் போகும்.
எது பட்டா, எது கடல் என்று
கேட்க ஆளில்லாமல்
ரூனார் அதன்மேல் கார் ஓட்டிப் போவார்.
ஏப்ரலில் கேள்வி மறுபடி உருகி வரும்.

கடைசிக் குச்சியை நீர் விளிம்பில் ஊன்றினேன்.
பூட்ஸில் தண்ணீர் ஏறியது.
"இன்னும் ரெண்டு தப்படி உள்ளே வை" என்றார்,
"அடுத்த தரம் வருகிற செலவு மிச்சம்."