கடலைப் பார்த்த அறை

ராஜாக்கமங்கலத்தில் பஸ்ஸை விட்டு
ஆட்டோவில் பத்து நிமிடம்.
தார் ரோடு தீர்ந்த இடத்தில் டிரைவர்
"இனி மண்ணு, நடந்துக்கிடுங்க" என்றார்.

நாகர்கோவிலில் கூட்டுறவுச் சங்கக் கணக்குகள்
வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டன.
திங்கள்கிழமை தக்கலை.
நடுவில் ஒரு சனி ஞாயிறுக்காக
கோவில்பட்டி போய்த் திரும்ப
அலுப்பாக இருந்தது.
அவ்வளவுதான் காரணம்.

ராத்திரிக்கு எழுநூறு ரூபாய்.
பிளைவுட் சுவர், தகரக் கூரை,
கூரை பறக்காமலிருக்க
பழைய வலையும் நாலு கல்லும்.
கொசுவர்த்தி ஒன்று இலவசம்,
இரண்டாவது மூன்று ரூபாய்.
அதையும் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.
எனக்கு அது பிடித்திருந்தது.

கதவுகளில் நீலப் பெயிண்டில் எண்கள்:
ஒன்று, இரண்டு, நான்கு.

தணிக்கைக்காரியின் கண்
வரிசை விட்டுப்போனால் உறங்காது.
"மூணு எங்க?" என்றேன்.
ஜெர்வாஸ் சாவியைத் தேடிக்கொண்டே
தாடையால் கடலைக் காட்டினார்.

ஈர மணலில் ஒரு சிமெண்டுத் தளம்,
சாய்ந்து.
மூலையில் வெள்ளைக் கக்கூஸ் பீங்கான் மட்டும்
வைத்த இடத்திலேயே கெட்டியாக இருந்தது.
அலை வந்து அதை நிரப்பிவிட்டுப் போனது.
உள்ளே யாரோ இருப்பதுபோல்
நான் கொஞ்ச நேரம்
முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

"போன ஆடி. ராத்திரி ரெண்டு மணி.
உள்ள ஆளு இல்ல, மாதா காப்பாத்துனா.
கட்டிலும் ஃபேனும் போச்சு.
ஃபேனுக்கு இன்னும் தவணை கெடக்கு."

"அப்ப நாலை மூணுன்னு மாத்தலாமே?"

"எதுக்கு? அது நாலுல்லா."

நான்குக்கு மட்டும் வாடகை ஐம்பது கூடுதல்.
முன்பு பின்வரிசை,
இப்போது கடலைப் பார்த்த அறை.
ஓர் அங்குலமும் நகராமல்
முன்னுக்கு வந்துவிட்டது.

இருட்டியதும் டெல்பின்
மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் கொண்டுவந்தாள்.
"முள்ளு பாத்து. கரண்டு போவும்.
கடல் சத்தம் பழகிரும்."

கரண்டு போனது.
சத்தம் பழகவில்லை.
ஒவ்வொரு அலைக்கும் தரை ஒருதரம் யோசித்தது.
செருப்பை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன்,
பிறகு பையை.
பிறகு சங்கக் கோப்புகளைத் தனியே எடுத்துத்
தலையணைக்கு அடியில்.
நான் போனாலும் கணக்காவது கரையேறட்டும்
என்று நினைத்து
இருட்டில் தனியாகச் சிரித்தேன்.
இரண்டாவது கொசுவர்த்தியும் சாம்பலானது.

மூன்று மணி இருக்கும், வெளியே டார்ச் வெளிச்சம்.
ஜெர்வாஸ்.
என் வாசல்படியிலிருந்து தண்ணீர்வரை
குதிங்காலோடு பெருவிரல் ஒட்ட
அடிமேல் அடியாக அளந்துபோனார்.
வாய் எண்ணுவது தெரிந்தது,
எண் கேட்கவில்லை.
அளந்து முடித்து அங்கேயே உட்கார்ந்தார்.
பீடி நெருப்பு ஒரு புள்ளி.
அதற்குப் பிறகுதான் தூங்கினேன்.

காலையில் ரெஜிஸ்டர் நீட்டினார்.
பெயர், ஊர், வந்த நேரம், போன நேரம்.
விரல் பழக்கத்தில் மேலே ஓடியது.
ஒவ்வொரு தேதிக்கும் நான்கு வரி.
ஒன்று, திருச்சூர் தம்பதி.
இரண்டு, காலி.
நான்கு, நான்.
நடுவே, ஆடியிலிருந்து
ஒருநாள் விடாமல்
அதே சாய்ந்த கையெழுத்தில்
மூன்று, காலி.

இல்லாத சொத்தை இருப்பில் காட்டக்கூடாது.
அதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
பச்சைப் பேனா பையில் இருந்தது.
"இது..." என்று விரலை வைத்தேன்.

"காலியாத்தான கெடக்கு?" என்றார்.

ஜன்னல் வழியே ஒருமுறை பார்த்தேன்.
பதிவு சரியாகத்தான் இருந்தது.

பணம் அனுப்ப சிக்னல் இல்லை.
குருசடியின் கடைசிப் படியில் ஏறிக்
கையைத் தூக்கினால் ஒரு கோடு வரும் என்றார்கள்.
கண்ணாடிக்குள்ளிருந்து அந்தோணியார் பார்த்திருக்க
எழுநூற்றைம்பது
சுற்றிக்கொண்டே நின்றது.

கீழேயிருந்து டெல்பின் கத்தினாள்:
"அக்கா, கொசுவர்த்தி மூணு ரூபா!"

அதைத் தனியாக அனுப்பினேன்.
மூன்று உடனே போய்விட்டது.