பலகையில் என் எண்

நவம்பரில் இறங்கிவிடுவேன்.
மயூர் விஹார், மூன்றாம் மாடி,
லிஃப்ட் வாரத்தில் நான்கு நாள் ஓடும்.
ஜன்னலைத் திறந்தால்
யாரோ பீடி பிடித்துவிட்டுப் போன அறைபோல டெல்லி.

மற்ற மாதங்கள் சௌலிதாரில்,
சம்பளமில்லாத முகாம் பொறுப்பு.
பதினான்கு கூடாரத் தளம், இரண்டு கழிப்பறை,
ஒரே குழாய், அதுவும் வெயில் ஏறும்வரை பனிக்கட்டி.
வருகிறவர் பெயரைப் பேரேட்டில் எழுதுவேன்.
விறகை எண்ணித் தருவேன்.
நெருப்பை அணைத்தார்களா என்று
அவர்கள் தூங்கியபின் போய்
சாம்பலுக்குள் கைவிட்டுப் பார்ப்பேன்.

கிருஷி பவனில் முப்பத்தொரு வருஷம்
கோப்புகளுக்குச் செய்ததைத்தான் அம்மா
அங்கே முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்கிறாள்
என்பான் மகன்.
தப்பில்லை.
ஆனால் எந்தக் கோப்பும் விடிகாலையில் எழுந்து வந்து
எதிர்மலை சிவப்பதைப் பார்த்து
வாயைப் பொத்திக்கொண்டு அழுததில்லை.

வாசல் பலகையில்
உதவிக்கு அழைக்கவும் என்று இந்தியில் எழுதி
கீழே என் எண்ணைத் தீட்டியது நான்தான்.
பச்சை பெயிண்ட். கடைசி ஏழு கொஞ்சம் ஒழுகிவிட்டது.
பாதிப்பேர் அதை ஒன்று என்று படித்து
மீரட்டில் ஒரு டயர்க்கடைக்காரரை எழுப்புகிறார்கள்.
மீதிப்பேர் என்னை.

இறங்கும்முன் அழித்திருக்க வேண்டும்.
பிரஷ் காய்ந்திருந்தது.
பொய். டர்பன்டைன் பாதி டப்பா இருந்தது.

முகாம் மூடியிருக்கிறது என்று
அதே பலகையில்தான் இருக்கிறது,
அதைத் தாண்டித்தான் வருகிறார்கள்.
ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சேனைக்கிழங்குக்குப் பேரம் பேசும்போது
ஒரு பெண்: ஆன்ட்டி, குழாயில் தண்ணீர் வரலை.
கொதிக்கவைக்காதே, வெதுவெதுப்பாகப் போதும்,
வாயில் ஊற்றாதே, கழுத்தில் ஊற்று,
நூறு எண்ணு என்றேன்.
மேடம் பிளம்பரா என்றார் கடைக்காரர்,
கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்தார்.

இன்னொன்று சொல்ல வேண்டும்.
அங்கே சிக்னல் கிடைப்பது
மூன்றாம் தளத்துக்குப் பின்னால் உள்ள பாறைமேல் மட்டும்.
அதனால் கூப்பிடுகிறவர் எவரானாலும்
எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.
இடதுகால் எங்கே வழுக்கும்,
எந்தக் கிளை தோளில் பனியைக் கொட்டும்
எல்லாம்.

ஜனவரி. இரவு இரண்டு மணி.
ஒரு பையன், குரலை அடக்கிக்கொண்டு:
ஏதோ கத்துகிறது.
எப்படி?
நாய் மாதிரி. தொண்டை கட்டிய நாய்.
அது கேளையாடு என்று தமிழில் சொல்லிவிட்டு
காக்கர், காக்கர், மான்தான் என்று இந்தியில் சொன்னேன்.
உன்னைப் பார்த்துத்தான் பயந்து குரைக்கிறது.

அவன் வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
அவன் மூச்சுக்குப் பின்னால் தேவதாருக்களில் காற்று.
என் பக்கம் கீழே கூர்க்கா விசில்,
தடியால் கேட்டை ஒரு தட்டு.
அது என்ன சத்தம் என்றான்.
இங்கேயும் ஒருவர் விழித்திருக்கிறார் என்றேன்.

பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை:
நெருப்பை அணைத்தாயா?
ம்.
கைவிட்டுப் பார்த்தாயா?
பதில் இல்லை. பாறையில் ஷூ உரசும் ஒலி. துண்டித்துக்கொண்டது.

ஏர் பியூரிஃபயர் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது,
திரும்பச் சிவப்பாகியது.
ஹீட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.
பெயர் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் பேரேடு
ஹரக் சிங் வீட்டு டிரங்குப் பெட்டியில்.

இரண்டு நாற்பதுக்கு ஒரு குறுஞ்செய்தி.
அடியில் கனன்றுகொண்டிருந்தது,
பனியை அள்ளிப் போட்டுவிட்டேன்.

அவ்வளவுதான்.
இதை அனுப்ப
அந்த வழுக்குப் பாறையில்
இருட்டில் இரண்டாம் முறை ஏறியிருக்கிறான்.