கனமழை காரணமாக

வெயில் சுள்ளென்று அடிக்கிறது.
பரிதி வாசலில் நின்று அறிவிக்கிறான்:
"கனமழை காரணமாக
கடலூர் மாவட்டத்தில் இன்று
பள்ளிகளுக்கு விடுமுறை."
செய்தி வாசிக்கிற பெண்ணின் அதே நிறுத்தம்.
'மாவட்ட ஆட்சியர்' என்கிற இடத்தில்
அதே லேசான இறக்கம்.
'போகமாட்டேன்' என்றொரு சொல் அவனிடம் இல்லை.
இது இருக்கிறது.

இடது கால் ஷூவுக்குள் போக
பதினெட்டு நிமிடம்.
சாக்ஸின் தையல் விரலில் படக்கூடாது.
உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடுகிறேன்.
மறுபடி மழை அறிவிப்பு.

இது மூன்றாவது பள்ளி.
புதுப்பாளையத்துப் பள்ளியில்
"எங்ககிட்ட அந்த வசதி இல்லைங்க" என்று
பாதி ஃபீஸைத் திருப்பித் தந்தார்கள்.
அடுத்ததில்,
மணி அடித்தால் மேசைக்கடியில் போய்விடுகிறான் என்று
மேசையை எடுத்துவிட்டார்கள்.

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன்.
பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று,
ஊரே என் கைவழியாக இரண்டிரண்டாகப் போகும்.
பத்தே முக்காலுக்குப் போன்.
"கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."
ஓனர் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.
அவரால் முடிந்த உதவி அது.
ஒருநாள் அவனுடைய சான்றிதழையே நகலெடுத்தேன்.
பெயருக்குக் கீழே இருந்த சதவீதம்
ஐந்து தாளிலும் ஒரே கறுப்பில் விழுந்தது.
பத்து ரூபாயைக் கல்லாவில் போட்டேன்.

பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வராது.
ராத்திரி விளக்கை அணைத்து,
சிப்காட் நெடி ஜன்னல் ஏறும்போது
அவன் வாயிலிருந்து
ஒவ்வொருவராக வெளியே வருவார்கள்.
"கை கட்டு. கட்டுன்னு சொன்னேன்ல?"
"இவன அந்த ஓரமா ஒக்கார வையுங்க."
"லூசு, லூசு." நாலைந்து குரல், ஒரே தொண்டையில்.
அவன் முகத்தில் கோபம் இருக்காது.
குரலில் இருப்பதெல்லாம் அவர்களுடைய கோபம்,
ஒரு துளி சிந்தாமல் கொண்டுவந்திருப்பான்.

ஒருநாள்,
நைட் ஷிஃப்ட் இல்லாமல் அவரும் படுத்திருந்தார்.
"என்னால முடியலடா சாமி. என்ன விட்டுட்றா."
அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.
எப்போது சொன்னேன் என்று
எனக்கு ஞாபகமில்லை.

பிறகு புரட்டாசியில் ஓர் இரவு:
"பென்தில் வேணுமா? இந்தா,
இது நல்லா தீவின பென்தில்."

எழுந்து உட்கார்ந்தேன்.
பரிதிக்கு 'ச' நன்றாக வரும்.
இது முன்பல் விழுந்த யாரோ.
சிறுமி என்று நினைக்கிறேன்,
பெரிய மனுஷி மாதிரி ஒரு அதட்டல் அதில் இருந்தது.
"இன்னொரு வாட்டி சொல்லுடா" என்றேன்.
தூங்கிவிட்டான்.

மறுநாள் பள்ளி கேட்டில் நின்று
பிள்ளைகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்றாம் வகுப்பில்
பாதிப் பேருக்கு முன்பல் இல்லை.
மிஸ்ஸிடம் கேட்டேன்.
"பென்சிலா? கவனிக்கலையே மேடம்.
டைரில கையெழுத்துப் போட்டீங்களா?"

ஐப்பசி கடைசியில் நிஜமாகவே கொட்டியது.
கெடிலம் செம்மண் நிறத்தில் பாலத்தடியில் முட்டியது.
தேவனாம்பட்டினத்துக் கடல்
எங்கள் தெருவரை கேட்டது.
டிவியில் அந்தப் பெண்
அவனுடைய வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பினால் வாசலில் பரிதி.
முதுகில் பை. காலில் ஷூ,
இடம் வலம் மாறி.
சாக்ஸைத் தானே திருப்பிப் போட்டிருந்தான்.
"பென்தில் வேணுமா" என்றான், மழையிடம்.

அந்தப் பிள்ளைக்கு இந்நேரம் பல் முளைத்திருக்கும்.
இனி எந்தக் கேட்டில் நின்றாலும்
கண்டுபிடிக்க முடியாது.
அந்தச் சந்து இருக்கிற ஒரே இடம்
இவன்தான்.

முட்டி போட்டு உட்கார்ந்தேன்.
"கனமழை காரணமாக" என்று
அவனுக்குப் புரிகிற பாஷையில் ஆரம்பித்தேன்.
என் வாயைப் பொத்தினான்.
உள்ளங்கையில்
பென்சில் சீவிய வாசம்.