திறந்த எட்டு

தார்ப்பாயை அவிழ்க்குமுன்பே
கையெழுத்து கேட்கிறான் லாரிக்காரன்.
எல்லாரும் போட்டுவிடுவார்களாம்.
பொர்வெனீரின் ஜூலைக் குளிரில்
யார் நின்று எண்ணுவது?

நான் நின்று எண்ணுவேன்.
அதற்குத்தான் கொவாசிச் எனக்குச் சம்பளம் தருகிறார்.

துத்தநாகத் தகரம் நாற்பத்திரண்டு என்கிறது பில்.
ரூபாய்க் கட்டுபோல விளிம்பில் கட்டைவிரல் ஓட்டினேன்.
நாற்பத்தொன்று.
மறுபடி ஓட்டினேன். நாற்பத்திரண்டு.
பனியில் ஒட்டிப்போய்
இரண்டு தகடு ஒன்றாகக் கிடந்திருக்கிறது.
நீளம் சரி. கனம் சரி.
ஒன்றின் மூலை மட்டும் நாய்க்காதாக மடிந்திருந்தது,
குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் பக்கத்தைத்தான் நான் எப்போதும் நம்புவதில்லை.
முதல் பக்கத்தில்
'அறுகோணத் தலைத் திருகாணி, ஆறு பெட்டி.'
இரண்டாம் பக்கத்தில்
'கூரைத் திருகு, ரப்பர் வாஷருடன், ஆறு பெட்டி.'
இறங்கியவை ஆறே பெட்டி.
ஒரே ஆள் சட்டை மாற்றிக்கொண்டு
இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்துவிட்டான்.

படகுக் கூலி முழு லாரிக்கும்.
பாதி லாரியில் ரொட்டிக்கடையின் மாவு மூட்டைகள்.
எங்கள் தகரத்தின் மேலேயே சிந்தியிருந்தது மாவு,
வேறு சாட்சி எதற்கு?

முகட்டுத் தகடு எட்டு வேண்டும்.
லாரியில் மூன்று, பில்லிலும் மூன்று.
இரண்டும் ஒத்துப்போனதுதான் எரிச்சல்.

ஜலசந்திக்கு அந்தப் பக்கம், கிடங்குக்குப் போன் போட்டேன்.
நெல்சன் மான்சில்யா எடுத்தான்,
வேலைக்கு வந்து இரண்டு மாதம்.
திருகாணிக்கு மன்னிப்புக் கேட்டான்.
கூலிக்கும் கேட்டான்.
மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம்
உங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லையா என்றேன்.
கடலில் கொட்டினாலும் அளந்து கொட்ட வேண்டும் தம்பி,
அதையும் சொன்னேன்.
'பார்த்துச் சொல்கிறேன், சென்யோரா.'

அரை மணி கழித்து ஒரு படம் வந்தது.
என் ஆர்டர் தாள். என் பச்சை மை.
முகட்டுத் தகடு என்ற வரியில்
ஒரு எட்டு,
இடப்பக்கம் இரண்டு வளைவும் மூடாமல்,
வாயைப் பிளந்துகொண்டு.
யார் பார்த்தாலும் மூன்று.
படத்தின் கீழே அவன் ஒரு வார்த்தை எழுதவில்லை.
காது மடல் சுட்டது.

அன்றைக்கு ஹீட்டர் நின்றுபோயிருந்தது,
கையுறையோடு எழுதினேன்.
இதை யாரிடம் சொல்ல?

திரும்பப் போன் போட்டேன்.
எட்டு என்னுடையது என்றேன்.
'பரவாயில்லை, என் அப்பாவின் எட்டும் அப்படித்தான்.'
வைத்துவிடப் போனான்.
இன்னொன்று, என்றேன்.
பில்லில் இல்லாத பசைக் குழாய் இரண்டு
வந்திருக்கிறது.
'காலையில் சொல்லவில்லையே?'
சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கம்பியில் காற்று மட்டும்.
'குறித்துக்கொள்கிறேன்' என்றான்,
என் குரலில்.

அடுத்த படகு வியாழன், காற்று விட்டால்.
ஐந்து தகட்டின் கூலி என் கணக்கில்.
சாயங்காலம் கொவாசிச் வந்து
யார் தப்பு என்று கேட்டார். சொன்னேன்.
தகரத்து மாவை முழங்கையால் துடைத்துவிட்டு,
'ஹெர்மினிடாவிடம் நீயே போய்ச் சொல்.'

ஹெர்மினிடா ஒயார்சோ கதவைப் பாதிதான் திறந்தாள்.
உள்ளே கூடத்தில் மூன்று வாளி.
சொல்லி முடித்ததும்
'எட்டா, மூன்றா?' என்று அவளும் கேட்டாள்,
கேலியில்லாமல், விவரம் புரியாமல்.
எட்டு, என்றேன். ஐந்து குறைகிறது.

இரவு, டெலிவரி சீட்டின் பின்பக்கம்
எட்டாக எழுதிப் பார்த்தேன்.
மெதுவாக எழுதினால் மூடுகிறது.
வேகமாக எழுதினால்
ஏழாவதோ எட்டாவதோ திறந்துகொள்கிறது.

தெரு தாண்டி ஒயார்சோ வீட்டு முகட்டில்
நீலத் தார்ப்பாய் அடித்துக்கொண்டே இருந்தது.
விளக்கை அணைத்த பிறகும்
எண்ணிக்கொண்டிருந்தேன்.