காகங்களின் ஆடி

முகத்துவாரத்துப் புழுதி முழுவதையும்
எங்கள் பிளேன்டீயில் கொட்டிவிட்டுப் போகிறது
ஆடிக் காற்று.
சனிக்கிழமை, மூன்று மணி.
மைதானத்தில் ஒன்பது காகங்கள்,
சீமெந்துப் படிகளில் நாங்கள் பதினொரு பேர்.
ஆடுகிறவர்களைவிடப் பார்க்கிறவர்கள் கூட
என்பாள் எமல்டா,
எதிரணியைக் கணக்கில் எடுக்காமல்.

"கிரிக்கெட்டா?" என்று நிறுத்திய த்ரீவீல்காரர்
அடித்த கையோடு மட்டையை வீசிவிட்டு
ஓடுகிறவனைப் பார்த்து
"பயந்திட்டான் போல" என்றார்.
நாங்கள் விளக்கவில்லை.
மூன்று வருடமாக விளக்கி நாக்குத் தேய்ந்துவிட்டது.
கொட்டாஞ்சேனைக் காகங்கள். பேஸ்போல்.
இந்தப் பருவத்தில் இதுவரை பன்னிரண்டு ஆட்டம்,
வென்றது மூன்று.

மூன்றுக்கே இத்தனை ஆசாரம்:
ஆட்டத்துக்கு முன் மதிலில் ஒரு பிடி சோறு.
சனீஸ்வரனுக்கு என்று தயாபரன் வைப்பான்,
அணிச் சின்னத்துக்கு என்று மற்றவர்கள் சொல்வோம்,
யாருக்கென்று கேளாமல் தின்னும் காகம்.
ஓட்டம் ஒன்று வந்தால் எல்லோரும் கரைய வேண்டும்,
வங்கி மேலாளர் குலநாயகம் உட்பட.
தென்னையிலிருந்து நிஜக் காகம் பதில் சொன்னால்
அடுத்த ஓட்டமும் நிச்சயம்.
இதுவரை ஒன்றும் வாய் திறந்ததில்லை.
ஏழாவது இன்னிங்ஸில் இறால் வடை.
யாருடைய வடையிலிருந்து இறால் கழன்று விழுகிறதோ
தேநீர்க் காசு அவரோடு.
"வெல்லுவோம்" என்பது விலக்கப்பட்ட சொல்.
வாய் தவறி "வெல்" வரை போனவர்
வெள்ளவத்தை என்று முடித்துத் தப்பலாம்,
லகர ளகரத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

பிறகு நஸ்மியின் விஷயம்.
வைகாசியில் ஒரு நாள் அவன் கக்கூஸுக்குப் போனான்,
இரண்டு ஓட்டம் வந்தது.
திரும்பி வந்து உட்கார்ந்தான், நின்றுபோனது.
சும்மா சோதிக்க இன்னொரு முறை அனுப்பினோம்,
இன்னொன்று வந்தது.
அதோடு முடிந்தது அவன் சுதந்திரம்.
முக்கியமான கட்டங்களையெல்லாம்
தகரக் கதவுக்குப் பின்னால் நின்று
எங்கள் சத்தத்தில்தான் பார்த்தான்.
அந்த மூன்று வெற்றிகளில்
ஒன்றைக்கூட அவன் கண் கண்டதில்லை.

ஆடி பிறந்த கிழமை தோஹாவுக்குப் போனான்,
ஏதோ ஹோட்டலின் களஞ்சியத்தில் வேலை.
பயணப் பெட்டியில் கறுப்புத் தொப்பி.
அதன்பின் இரண்டு சனிக்கிழமை, இரண்டு தோல்வி.
ஆட்டக்காரர்கள் வெயிலைக் குறை சொன்னார்கள்.
எங்களுக்குத் தெரியும்.

நேற்று, ஒன்பதாவது இன்னிங்ஸ்.
ஒரு ஓட்டம் பின்னால், இரண்டு பேர் அவுட்,
தளங்களில் இரண்டு பேர்,
மட்டையோடு சமில வருகிறான்.
எமல்டா போனை எடுத்தாள்.
"எங்க நிக்கிற?"
"வேலையில."
"ஓடு."
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
ஸ்பீக்கரில் காலடி, ஒரு கதவு, தாழ்ப்பாள்,
பிறகு எங்கோ சரியாக மூடாத குழாய்.
சொட்டு.
சொட்டு.
முகத்துவாரத்தில் பதினொரு பேர்
தோஹாவின் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடி விழுந்தது.
பந்து கடலைப் பார்த்து எழும்பியது,
எழும்பியது,
காற்று அதைக் காலரில் பிடித்துத்
திருப்பி அனுப்பியது
யாரோ ஒருவனின் கையுறைக்குள்.

அப்போதுதான்,
கழுத்தறுப்பதற்கென்றே,
தென்னையில் இருந்த அத்தனையும் கரைந்தன.

போனுக்குள்ளிருந்து நஸ்மியும் கரைந்தான்.
கா கா என்று, குரல் உடைய,
வெளியே யாரோ கதவைத் தட்டத் தட்ட.
"வந்திட்டா? ரெண்டு பேரும் வந்திட்டாங்களா?"

சமில மட்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.
குலநாயகம் செருப்பைத் தேடினார்.
எமல்டா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.
"இன்னும் முடியல்ல," என்றாள்,
"நீ உள்ளுக்கே இரு."