ஒன்றேமுக்கால் அடி

மைல்ஸ் சிட்டிக்குக் கிழக்கே, மார்ச் மாதம்.
முற்றத்துப் பனி பாதிக்குமேல் சேறாகியிருந்தது.
டேப்பை இழுத்துப் பிடித்தார் ஆர்டெல் நட்சன்.
மோட்டார் சைக்கிள் ஏழேகால் அடி.
என் பிக்கப்பின் தொட்டி ஐந்தரை.
மிச்சம் ஒன்றேமுக்கால் அடியைக்
காற்றில் இரண்டு கையாலும் காட்டினார்,
தப்பிப்போன மீனைக் காட்டுவதுபோல.

"இதிலயா கொண்டுபோகப் போறீங்க?"

இதில்தான்.
பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
நாற்பதடி நீளத்தை
உறைந்த சாலையில் வளைத்துத் திருப்புகிறவள்.
அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்,
எல்லாம் இருபது டாலர் தாள்கள்,
கூடைப்பந்து ஆட்டங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போய்
வண்டிக்குள் போர்வையோடு காத்திருந்த
பதினோரு குளிர்கால சனிக்கிழமைகள்.

டெயில்கேட்டை இறக்கிப் பலகையைச் சார்த்தினோம்.
முதல் தடவை நேராக ஏற்றினோம்,
பின்சக்கரத்தில் பாதி அந்தரத்தில் நின்றது.
ரப்பர் பூட்ஸோடு வெளியே வந்தாள் அவர் மனைவி பெர்னடீன்,
கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி.
ஒரு பார்வை பார்த்தாள்.
"மூலைக்கு மூலை வையுங்க" என்றாள்.
உள்ளே போய்விட்டாள்.

முன்சக்கரம் வலது மூலையில் போய் முட்டியது.
பின்சக்கரம் திறந்த கதவின்மேல் உட்கார்ந்தது,
இரண்டு கம்பிவடங்களை நம்பி.
ராட்செட்டை இறுக்கினேன். கிர்க். கிர்க்.
முன்ஃபோர்க் பாதி அமுங்கியதும்
"போதும், மூச்சுவிட இடம் விடுங்க" என்றார்.
பின்னால் இரண்டு பட்டை, குதிக்காமலிருக்க.
கைப்பிடியைப் பற்றி உலுக்கிப் பார்த்தார்.
மோட்டார் சைக்கிள் ஆடவில்லை.
பிக்கப் ஆடியது.

நெடுஞ்சாலையில் ஏறியதும் காற்று
பட்டையின் வால்நுனியைப் பிடித்து ரீங்கரித்தது.
பின்கண்ணாடி முழுக்க அதன் முகப்பு விளக்கு.
யாரோ என்னை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று
இரண்டு முறை ஓரம் ஒதுங்கி வழிவிட்டேன்.
முந்திப் போக யாருமில்லை.
இடப்பக்கம் யெல்லோஸ்டோன் ஆறு
பனிக்கட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தது.

டெர்ரியில் நிறுத்திப் பட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன்.
ஒன்றுமட்டும் ஒரு விரற்கடை தளர்ந்திருந்தது.
பெட்ரோல் போட வந்த பையன் சுற்றிவந்து கேட்டான்:
"நீங்களே ஓட்டுவீங்களா?"
"இன்னும் இல்ல."
மேலே என்ன கேட்பதென்று தெரியாமல்
என் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனான்.

கிளென்டைவ். வீடு. இருட்டு.
இறக்கப் போனபோதுதான் தெரிந்தது,
பலகை இல்லை.
மெக்கானிக் லைலிடம் இரவல் வாங்கிய பலகை.
ஆர்டெலுக்குப் போன் செய்தேன்.
"ஆமா, இங்கதான் சாஞ்சு நிக்குது" என்றார்.
பின்னாலிருந்து பெர்னடீன் சிரித்தது
எழுபத்தைந்து மைல் தாண்டிக் கேட்டது.

தூக்கம் வரவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு தொட்டியில் ஏறி
அதன்மேல் உட்கார்ந்தேன்.
தொட்டிக்கும் தொட்டிலுக்கும் ஒரு 'ல்'தான் தூரம்,
ஆனால் இது அசையவில்லை.
இடதுபக்கம் சாய்ந்தேன், பட்டை பிடித்தது.
வலதுபக்கமும் பிடித்தது.
ஐம்பத்திரண்டு வயதில்
விழ முடியாதபடி கட்டிவைத்த ஒன்றின்மேல்
முக்கால் மணி நேரம் இருந்தேன்.
எதிர்வீட்டு நாய் ஒருமுறை குரைத்து, சந்தேகப்பட்டு, நிறுத்தியது.

காலையில் வாய்க்கால் கரையை நோக்கிப்
பிக்கப்பைப் பின்னால் எடுத்தேன்.
கரையும் கதவும் ஒரே உயரம்,
நடுவே ஒரு சாண் இடைவெளி.
வேலிக்கட்டையைக் குறுக்கே போட்டு அடைத்தேன்.
முன்பட்டையை விடுவித்ததும்
ஃபோர்க் நிமிர்ந்தது, 'உஸ்' என்று.
கால்களால் உந்தி உந்திப் பின்னுக்கு வந்தேன்.
கட்டை முனகியது.
பிறகு மண்.

இனி நிறுத்த வேண்டியதுதான்.
ஆர்டெல் காட்டித்தான் கொடுத்திருந்தார்.
ஸ்டாண்டைத் தேடி
வலது காலால் துழாவினேன், துழாவினேன்,
இருநூறு கிலோவைத் தொடையில் தாங்கிக்கொண்டு.
அது இடப்பக்கம் இருந்தது.