என் கையின் பலம்

மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் எனக்கு ஓர் அறை.
இரும்புக் கட்டில், பாதி வேகத்தில் சுற்றும் மின்விசிறி,
உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கருவி.
தள்ளினால் கிலோ சொல்லும்.
எட்டு மாதம் மனுப்போட்டு வாங்கியது.

நம்புசெல்வி செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தாள்.
இடது கணுக்காலின் உட்பக்கம்,
எலும்புக்குக் கீழே விரல் வைத்தாள்.
"பார்ல கால் மடங்கி ரெண்டு வருசம்.
சுளுக்கு வழிச்சாச்சு, ஊசி போட்டாக.
தண்ணிக்குள்ள வலிக்காதும்மா.
கரையேறுனாத்தான்."

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்றேன்.
"எந்த நாளைக்கு?" என்றாள்.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு
கருவியை எடுத்தேன்.

விரல்களுக்குக் கீழே, பாதம் தடித்திருக்கும் இடத்தில் வைத்து
"அமுக்குங்க, இன்னும், விடாதீங்க"
அமுக்கினாள்.
என் முழங்கை மடங்கியது,
நாற்காலி என்னோடு சேர்ந்து பின்னால் போனது.
இருபத்து மூன்று.
வலது காலிலும் இருபத்து மூன்று.
மறுபடி பார்த்தால் இருபத்து நான்கு, இருபத்து நான்கு.

இரண்டும் சமம் என்று எழுதப் போனேன்.
சமம் என்றால் வலது பக்கம் ஏன் வலிக்கவில்லை?
அந்த இருபத்து நான்கு அவள் கால் இல்லை.
நான்.
இரண்டு இட்லி தின்றுவிட்டு
ராமநாதபுரத்திலிருந்து நின்றுகொண்டே வந்த
என் இரண்டு கைகள் தாங்கும் மட்டும்.

பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன்.
ஐஸ் கம்பெனியில் பெட்டி தூக்குகிறவர், இருபத்து மூன்று.
வேதாளையில் பனையேறுகிறவர், இருபத்து நான்கு.
பாம்பன் விசைப்படகுக்காரர், இருபத்து மூன்று.
மாதக்கணக்காக
ஊரார் கால்களின் பெயரில்
என்னையே அளந்து வைத்திருக்கிறேன்.

"கட்டிப்போட்டா அளக்கலாம்ல?"
என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பாள்.
பாசி மூட்டை கட்டும் நீலக் கயிறு பைக்குள் இருந்தது.
தலைமாட்டுக் கம்பியில் தோளை முட்டுக்கொடுத்து,
அதே கம்பியில் கயிற்றைக் கட்டி,
காலைச் சுற்றிக் கொண்டுவந்து,
நடுவில் கருவி.
முடிச்சுக்குப் பேர் கேட்டேன்.
"பேரெல்லாம் இல்ல. அவுராது."

வலது, அறுபத்தொன்று. கட்டில் முனகியது.
இடது, முப்பத்தெட்டு.
பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொன்னேன்:
வலது பதினைந்து, இடது எட்டு.
ஒருக்களித்துப் படுத்துத் தொடையை மேலே தூக்கியபோது
அதிலும் இடது ஆறு கிலோ குறைவு.
வலிக்கிற இடத்திலிருந்து இரண்டரை அடி தள்ளி, இடுப்பிலும்
யாரும் கேட்காத ஒரு தளர்ச்சி.

ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தினாள்.
வலதில் இருபத்தைந்து முறை, பேசிக்கொண்டே.
இடதில் நான்கு. ஐந்தாவதற்குச் சுவரைப் பிடித்தாள்.

"தகரத்த இந்தக் கால்லதான் கட்டுவேன்" என்று வலதைத் தட்டினாள்.
முங்கும்போது துடுப்பாக, செருப்புக்கடியில் அவள் கட்டும் தகடு.
"அது சும்மா கூட வரும்."
இரண்டு வருடம் சும்மா கூட வந்த கால்.

குதிகால் உயர்த்தல், ரப்பர்ப் பட்டை இழுத்தல்,
இடுப்புக்கு ஒன்று, தினம் மூன்று வேளை.
எழுதிக் கொடுத்ததை வாங்கி மடித்தாள்.
"கடலுக்குப் போக வேணாம்னு சொல்லுவீகளா?"
சொன்னால் கேட்கமாட்டாள். சொல்லவில்லை.
அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்,
இடையில் கரையில் கிடக்கும் நாட்களைக்
காலுக்கென்று பிரித்துக்கொண்டோம்.

ஏழாவது செவ்வாயில் இடது நாற்பத்தேழு.
உள்பக்கத் திருப்பல் பதினொன்று.
வலி?
"இருக்கு. ஆனா நேத்து மூட்டையோட
நடுவுல எங்கயும் நிக்காம ஏறிட்டேன்."
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

கயிறு கட்டிலிலேயே கிடக்கிறது.
இது என்ன என்று மேலதிகாரி கேட்டார்,
அவிழ்க்கவும் பார்த்தார்.

மதியம் கூட்டம் குறைந்ததும்
பதிவேட்டிலிருந்து பழைய எண்களை அழைக்கத் தொடங்கினேன்.
முதல் ஆள் ஐஸ் கம்பெனிக்காரர்.
"உங்க காலை மறுபடி அளக்கணும்."
"ஏம்மா, கால் வளந்துருச்சா?"
இல்லை அண்ணே,
போன தடவை அளந்தது உங்க கால் இல்லை.